க்யூப் எல்லாம் பாஸ்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், கல் உடைக்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். முழுப் பொய்யும் இல்லை. சிவில் படித்துவிட்டு, சேலம் பக்கம் கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் ஒரு தனியார் லேபில் இருக்கிறேன். கான்கிரீட் க்யூப் உடைப்பது, கம்பியை இழுத்து அறுப்பது, எம் சாண்டைச் (கல்லை அரைத்துச் செய்கிற மணல்) சலிப்பது, செங்கல்லை ஊறவைத்து எடை போடுவது, இதெல்லாம்தான் அன்றாடம். அங்கன்வாடி, பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி, சிறு பாலம், மழைநீர் வடிகால் என்று சுற்றுவட்டாரத்தில் அரசுப் பணத்தில் எழும்புகிற பலதும் துண்டு துண்டாக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

எங்கேயாவது புதுப் பாலம் விழுந்தால் அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெயரோடு வந்து நிற்கும். "தரமற்ற பொருட்களால் கட்டியதே காரணம்" என்று கீழே ஒரு வரி. சித்தப்பா விடமாட்டார்: "நீங்கல்லாம் அப்படி என்னதாம்மா டெஸ்ட் பண்றீங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரமற்ற பொருள் எங்கள் லேபுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. வருவதெல்லாம் அருமையான பொருள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

க்யூப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: சைட்டில் கான்கிரீட் போடும்போதே கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள இரும்பு அச்சில் மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் 16 எம்.எம். கம்பியால் 35 குத்து குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, 7-ஆம் நாள் சிலதையும் 28-ஆம் நாள் சிலதையும் மிஷினில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். எம் 20 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். க்யூப்பின் ஒரு முகத்துக்கு அது 450 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 46 டன். எவ்வளவு கான்கிரீட்டுக்கு எத்தனை சாம்பிள் என்பதையும் ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி, நாங்கள் ‘கோடு’ என்போம்) சொல்லிவிடுகிறது: 5 கன மீட்டர் வரை ஒன்று, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று. ஒரு சாம்பிளுக்கு மூன்று க்யூப். விதியில் ஒரு ஓட்டையும் இல்லை.

ஓட்டை அந்தக் "கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்து" என்ற இடத்தில் இருக்கிறது. யார் எடுத்தது? எந்தக் கலவையிலிருந்து? தளம் போட்டு முடித்து, ஆட்கள் கை கால் கழுவிய பிறகு, நிழலில் உட்கார்ந்து, சிமெண்டை ஒரு சட்டி கூடப் போட்டு, சின்னச் சிப்ஸ் ஜல்லியாகப் பொறுக்கி அலசிப் போட்டு, பொறுமையாக வார்க்கிற க்யூப்பும் உண்டு. இதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாலு சைட்டுக்கான க்யூப்பை ஒரே கொட்டகையில் ஒரே ஆள் வார்த்துக் கொடுப்பதும் நடக்கும். இன்னொருத்தர் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு எனக்குச் சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் வாங்குகிற மாதிரி. ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து பொய் இருக்காது. மிஷின் காட்டியதைத்தான் நாங்கள் எழுதுகிறோம்.

மிஷினில் ஏற்றுவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். முதலில் தேதியைப் பார்ப்பேன். கலவை ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கீறிய தேதி என்றால் அந்தக் க்யூப் அன்றைக்குப் பிறந்தது என்று நம்பலாம். சிவப்புப் பெயிண்டில் எழுதிய தேதிக்கு அர்த்தமே கிடையாது; ஆட்டோவில் வரும்போதுகூட எழுதியிருக்கலாம். அப்புறம் உடைந்த முகம். ஒழுங்காக உடைகிற க்யூப் நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும். அதன் உள்ளே இருக்கிற ஜல்லியைப் பார்க்க வேண்டும். எம் புக்கில் (அரசு வேலையை அளந்து பதிகிற புத்தகம்) 20 எம்.எம். கருங்கல் ஜல்லி என்று எழுதியிருப்பார்கள், உடைந்த துண்டில் 20 எம்.எம். கல் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. 28 நாள் ஆன க்யூப் என்று கொடுத்திருப்பார்கள், உள்ளே இன்னும் பச்சை ஈரமாக இருக்கும். எங்கள் லேபில் மிஷின் ஓட்டுகிற அண்ணன் பத்தாவது தாண்டாதவர். ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இது எட்டு நாள்கூட ஆகலைங்க மேடம், அச்சுல தடவுன எண்ணெய் வாசமே போகலை" என்பார். 7 நாளில் ஒரு கான்கிரீட் அதன் 28 நாள் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிடும். அப்படிப் பார்த்தால், எட்டு நாளிலேயே 20 தாங்குகிற க்யூப் எம் 20-க்காக வார்த்ததே கிடையாது; எம் 30-க்குக் கிட்ட வார்த்திருக்கிறார்கள்.

எண்களும் காட்டிக்கொடுக்கும். சைட்டில் கலக்கிற கான்கிரீட் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. ஜல்லி மாறும், மணலின் ஈரம் மாறும், ஆளே மாறுவார். அதனால்தான் எம் 20, எம் 25-க்கெல்லாம் 4 நியூட்டன் திட்டவிலக்கம் (ரிசல்ட்டுகள் சராசரியிலிருந்து சிதறுகிற அளவு) வரும் என்று எடுத்துக்கொண்டுதான் கோடே கலவையை டிசைன் செய்யச் சொல்கிறது. ஆனால் ஒரு வேலைக்கு ஆறு மாதமாக வந்த ரிசல்ட்டைப் பார்த்தால் 26.2, 26.4, 26.1, 26.3. ஃபேக்டரியில்கூட அப்படிக் கான்கிரீட் போட முடியாது. ஃபைலைப் பார்க்கிற அதிகாரிக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 20-க்கு மேல் இருக்கிறதா, இருக்கிறது. கையெழுத்து விழுந்துவிடும்.

இப்போது இதற்கு நேர்மாறான ஒரு கதை. ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்கு வந்த க்யூப் 17-ல் உடைந்தது. தேதி ஆணியால் கீறியது. உள்ளே 20 எம்.எம். ஜல்லி, கூடவே கொஞ்சம் கல் டஸ்ட்டும் தெரிந்தது. அச்சு அசல் சைட் கலவை. ரிப்போர்ட் போன மறுநாள் சைட் சூப்பர்வைசர் போன் பண்ணினார். டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், சின்னப் பையன்.

"என்னங்க மேடம், 17-னு போட்டுட்டீங்க. ஓனர் கண்டபடி திட்டுறாருங்க."

"17 வந்துச்சு தம்பி, 17-னு போட்டேன்."

"ரெண்டு மூணு பாயிண்ட் ஏத்திப் போட்டா யாருக்குங்க நட்டம்? சரி, அதை விடுங்க. வேற க்யூப் கொண்டாறேன், அதை உடைச்சுக் குடுங்க."

"தளம் போட்டே ஒரு மாசம் ஆச்சே. இனி எங்கிருந்து கொண்டாருவீங்க?"

"அது இருக்குதுங்க மேடம்."

அது இருக்குது! எப்போதும் எங்கேயோ இருந்துகொண்டே இருக்கிற க்யூப். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஆனால் யோசித்தால் சிரிக்கிற விஷயமில்லை. இந்தப் பையன் கல்லூரியில் படித்தபடி கலவையிலிருந்து சாம்பிள் எடுத்து, 35 குத்து குத்தி, தேதி கீறிக் கொண்டுவந்தவர். அந்த வேலையில் நேர்மையாக நடந்தது அந்த ஒன்றுதான். திட்டு வாங்கியதும் அவர்தான். அடுத்த தளத்துக்கு அவர் என்ன செய்திருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியவும் வழியில்லை, ஏனென்றால் அந்த ஒப்பந்ததாரரின் க்யூப்கள் அதன்பிறகு எங்கள் லேபுக்கு வரவில்லை.

லேபைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஒப்பந்ததாரர்தான். காசு கொடுப்பதும் அவர்தான். ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரச்சான்றின்படி லேப் பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் மிஷினுக்குச் சரியாகக் காலிபரேஷன் ஆகியிருக்கிறதா, அறையின் வெப்பநிலை என்ன, தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஆடிட்டர் வந்து குடைவார். க்யூப்பைக் கொண்டுவந்தது யார், எங்கிருந்து என்பது அவர் கேள்வித்தாளில் இல்லை. "கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்" என்று எங்கள் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எங்களைக் காப்பாற்றுவது அந்த வரி. கட்டடத்தைக் காப்பாற்றாது.

சரி, அப்படியென்றால் கட்டடம் கெடுவது எதனால்? எல்லாரும் திருட்டைத்தான் நினைக்கிறார்கள். நான் திருட்டுக்கு முன்னால் தண்ணீரை வைப்பேன்.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதற்கு 25 லிட்டர் தண்ணீர் என்று டிசைன் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 0.50. கலவை கெட்டியாக இருக்கிறது, பாண்டில் அள்ளிப் போட்டால் ஓட மாட்டேன் என்கிறது. மேஸ்திரி ஒரு பக்கெட் கூட ஊற்றச் சொல்கிறார். பத்து லிட்டர்தான். விகிதம் 0.70 ஆகிவிட்டது. தண்ணீர் விகிதம் ஏற ஏற கான்கிரீட்டின் பலம் இறங்கும் என்று 1918-லேயே அமெரிக்காவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் சோதனை மேல் சோதனை செய்து எழுதி வைத்துவிட்டார். அந்த ஒரு பக்கெட்டில் பலம் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். ரெடிமிக்ஸ் லாரி வந்தாலும் இதே கதைதான். ஓமலூர் ரோட்டில் வெயிலில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து நிற்கும், டிரம்முக்குள் தண்ணீர் ஓஸைச் சொருகிவிடுவார்கள்.

இதில் யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூட்டைக் கணக்கு சரி. கம்பிக் கணக்கு சரி. விஜிலன்ஸ் வந்து ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டினாலும் எல்லாம் சுத்தமாக இருக்கும். நல்ல சிமெண்ட், நல்ல ஜல்லி, நல்ல மணல், மோசமான கான்கிரீட். அப்புறம் நீராற்றுவது. சாதாரண சிமெண்ட் என்றால் 7 நாள், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றாலோ வெயில் காலம் என்றாலோ 10 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது கோடு. ஏப்ரல் மாதத்தில், போர் வற்றிய ஊரில், டேங்கர் தண்ணீருக்குக் காசு கொடுத்து யார் பத்து நாள் நனைப்பார்கள்? தளத்தின் மேல் பாத்தி கட்டி முதல் நாள் போட்டோ எடுப்பார்கள்.

இதையெல்லாம் தடுக்கக் கலவை ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு பொறியாளர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஓஸைப் பிடுங்க பெரிய படிப்பு வேண்டாம், காலும் வாயும் போதும். ஆனால் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அந்த நேரத்தில் கலெக்டர் ஆபீஸில் ரிவ்யூ மீட்டிங்கில் இருப்பார். அவர் கையில் ஒரே சமயத்தில் பல ஊர்களில் வேலை நடக்கும். எம் புக்கில் "என் முன்னிலையில்" என்று கையெழுத்துப் போடுவது மட்டும் நிற்காது. பொறியாளர் தர்மம் என்று கல்லூரியில் ஒரு பேப்பர் வைத்துப் பெரிய பெரிய தத்துவமெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசி தர்மம் இந்த "என் முன்னிலையில்" என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

திருட்டு இல்லை என்று சொல்லவில்லை. கம்பிக்கு வருவோம். 12 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் எவ்வளவு எடை என்று தெரிய விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் போதும்: 0.889 கிலோ. சைட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். கம்பிக்கான கோடு ஐ.எஸ். 1786-இன்படி 12 எம்.எம்.முக்கு 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். எங்களிடம் ஒருமுறை வந்த துண்டு மீட்டருக்கு 0.82 கிலோ இருந்தது. கிட்டத்தட்ட 8 சதவீதம் கம்மி. இதில் யாருக்கு என்ன லாபம்? ஒப்பந்ததாரர் கடையில் கம்பியை எடை போட்டு வாங்குகிறார். பில்லோ பல இடங்களில் நீளத்தை அளந்து, அந்த 0.889-ஆல் பெருக்கிப் போடப்படுகிறது. அதாவது 100 டன்னுக்குப் பில், வாங்கியது 92 டன். திருட்டை வைத்திருக்கும் இடம் பாருங்கள், பெருக்கல் வாய்ப்பாட்டுக்குள். ஒரு மீட்டர் கம்பியை வெட்டிச் சமையல் தராசில் வைத்தாலே கண்டுபிடித்துவிடலாம். வெட்டி வைக்கத்தான் ஆளில்லை.

சிமெண்டில் மிச்சம் பிடிக்கிற கணக்கு இன்னும் பரிதாபம். 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை வேண்டும். அதில் இரண்டைக் குறைத்தால், மூட்டை 350 ரூபாய் என்று வைத்தால், 700 ரூபாய் மிச்சம். ஒரு பள்ளிக்கூடத் தளத்துக்கு 20 கன மீட்டர் என்றால் மொத்தம் 14,000 ரூபாய். பல லட்சம் பில் ஆகிற கட்டடத்தில், நாற்பது பிள்ளைகள் தலைக்கு மேல் இருக்கிற தளத்தில், பதினாலாயிரம். எஸ்டிமேட்டைவிட 20 சதவீதம் குறைத்து, அதாவது லெஸ் போட்டு, டெண்டர் எடுத்தவருக்கு அதுவும் தேவைப்படுகிறது. கொத்தனார் கூலி குறையாது, டீசல் குறையாது, கொடுக்க வேண்டிய பர்சென்டேஜும் குறையாது. (பர்சென்டேஜ் பற்றி நான் எழுதப் போவதில்லை. டீக்கடை பெஞ்சிலேயே என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.)

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பு செய்தியில் வந்தது நினைவிருக்கும். குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி. குடியேறியவர்கள் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு மணலாகக் கொட்டியது. சட்டமன்றம் வரை போனது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு வந்து ஆய்வு செய்தது, இரண்டு பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அப்போது டி.வி.யில் கட்டடமே விழப்போகிறது என்கிற அளவுக்குப் பேசினார்கள். பூச்சு உதிர்வதும் தூண் பலமில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. பூச்சு எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த மக்கள் தங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்க முடிந்த ஒரே பொருள் பூச்சுதான். அதில் மட்டும்தான் வார்த்துவைத்த க்யூப் வேலை செய்யாது. தூணுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அவர்களிடம் ஒரு ஃபைல் மட்டுமே இருக்கும், அந்த ஃபைலில் எல்லாம் பாஸ்.

கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்திலும் ஃபைல் எல்லாம் பாஸாகத்தான் இருந்திருக்கும். 2016 அக்டோபரில் திறந்தார்கள், 2019 மே மாதம் மூடினார்கள். மூன்று வருஷம்கூட ஓடவில்லை. கர்டர்களில் (பாலத்தைத் தாங்கும் உத்திரங்கள்) விரிசல், தூண்களின் தலைப்பகுதியில் விரிசல். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ந்தது, மெட்ரோ ரயில் பொறியாளர் இ. ஸ்ரீதரன் வந்து பார்த்துவிட்டு மேற்கட்டுமானத்தைப் பிரித்துக் கட்டுவதுதான் வழி என்றார். இடிப்பதற்கு முன்னால் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் மாநில அரசு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். முன்னாள் பொதுப்பணித்துறைச் செயலர் கைதானார், முன்னாள் அமைச்சரும் கைதானார். நம் ஊரில் பாலம் கெட்டால் அமைச்சர் வரை போவது அபூர்வம் என்பதால் அதுவே பெரிய செய்தி ஆயிற்று. எனக்கோ அதற்குக் கீழே இருந்தவர்கள்மேல்தான் கண். அந்தக் கர்டர்கள் வார்த்த ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் "என் முன்னிலையில்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார் இல்லையா?

நின்று பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்ததுதான். சத்யேந்திர துபே. ஐ.ஐ.டி. கான்பூரில் சிவில் படித்தவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பீகார்–ஜார்க்கண்ட் பக்கம் தங்க நாற்கரச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மட்டமாகப் போட்ட ரோட்டைப் பெயர்த்துத் திரும்பப் போடச் சொன்னவர். 2002-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27, கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கு அவருக்கு முப்பது வயது முடிந்த நாள். கொள்ளை முயற்சியில் நடந்த கொலை என்றது சி.பி.ஐ.; 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் சாவைத் தொடர்ந்து பேசப்பட்ட தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் கையெழுத்தாயிற்று. இதை எழுதுகிற வரை அது நடைமுறைக்கு வரவில்லை.

எங்கள் லேபுக்கு இன்டர்ன்ஷிப் வருகிற பிள்ளைகளிடம் துபே பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தயக்கம் உண்டு. தைரியம் வருவதற்குப் பதில் பயம்தான் வரும். அதோடு, நேர்மை என்றாலே உயிரை விடுகிற விஷயம், நமக்கு அது ஆகாது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். ஓஸைப் பிடுங்குவதற்கு யாரும் யாரையும் சுட மாட்டார்கள். மேஸ்திரி முறைப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு எரிச்சலும் எனக்கு உண்டு. டாக்டர் தப்புச் செய்தால் மருத்துவக் கவுன்சில் பதிவை ரத்து செய்யலாம், வக்கீலுக்குப் பார் கவுன்சில் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட்டுக்கே 1972-லிருந்து தனிச் சட்டம். இத்தனை பாலமும் அணையும் கட்டுகிற இன்ஜினியருக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டபூர்வமான பதிவு கிடையாது. சஸ்பெண்ட் ஆவார், கொஞ்ச நாளில் வேறு மாவட்டத்தில் சேர்வார். டிகிரி பத்திரமாக இருக்கும். அதேசமயம், ஏ.இ. தலையை மட்டும் உருட்டிவிட்டு எஸ்டிமேட், டெண்டர், பில் எல்லாம் பழையபடி நடந்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

புகார் வந்தால் அதிகாரிகள் ரீபௌண்ட் ஹேமரோடு வருவார்கள். சுவரில் வைத்து டிக் டிக் என்று அடித்து எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், பேப்பரில் போட்டோ வரும். அந்தச் சுத்தியல் சொல்லும் பலம் 25 சதவீதம் வரை மேலே கீழே போகலாம் என்று அதன் ஐ.எஸ். கோடே ஒப்புக்கொள்கிறது. பழைய கட்டடமாக இருந்தால் மேல்தோல் காற்றுப்பட்டு இறுகி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உண்மை தெரிய வேண்டுமென்றால் கோர் எடுக்க வேண்டும். தூணிலோ தளத்திலோ வட்டமாகத் துளைத்து ஒரு உருளையை வெளியே எடுத்து நசுக்குவது. குறைந்தது மூன்று. சராசரி 85 சதவீதம் வர வேண்டும், எதுவும் 75-க்குக் கீழே போகக் கூடாது. கான்கிரீட்டில் முன்கூட்டியே வார்த்து வைக்க முடியாத சாம்பிள் அது ஒன்றுதான். "பில்டிங்கை ஓட்டை போட்டா வீக் ஆயிடும் மேடம்" என்று எதிர்ப்பும் அதற்குத்தான் அதிகம் வருகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் லேபுக்கு வந்தார். அவர் ஊரில் புதிதாகக் கட்டுகிற சமுதாயக் கூடத்தின் பீமில், சென்ட்ரிங் பிரித்தபோது, ஜல்லி ஜல்லியாக, தேன்கூடு மாதிரி ஓட்டையோடு ஹனிகோம்ப் தெரிந்ததாம். மறுநாளே பூசி மறைத்துவிட்டார்களாம். மஞ்சப்பையில் நாலு துண்டு கான்கிரீட்டும் கொஞ்சம் மணலும் கொண்டுவந்திருந்தார். "இதை டெஸ்ட் பண்ணி எழுத்துல குடும்மா" என்றார்.

"பண்ணலாங்கய்யா. ஆனா அந்தக் கட்டடத்துல இருந்துதான் எடுத்ததுன்னு நீங்க எப்படிக் காட்டுவீங்க? எடுக்கும்போது அவங்க ஆளு யாராச்சும் கூட இருந்தாங்களா?"

இல்லை. பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவரை உட்காரச் சொன்னேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் எல்லாரும் பேப்பர் கேட்பது என்றுதான் நினைக்கிறோம். 2005-ஆம் வருஷச் சட்டத்தின் 2(ஜே) பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலையை நேரில் பார்வையிடலாம், ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பு எடுக்கலாம், அங்கே பயன்படுத்துகிற பொருளின் சான்றிடப்பட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம். மூன்றும் உரிமை என்றே எழுதியிருக்கிறது. அதைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

மனுவில் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்ததை இங்கேயும் போட்டுவிடுகிறேன், யாருக்காவது உதவும். கட்டடத்தின் எஸ்டிமேட்டும் எம் புக் பக்கங்களும் வேண்டும். க்யூப் ரிப்போர்ட் அத்தனையும், தளம் போட்ட தேதி, க்யூப் வார்த்த தேதி, உடைத்த தேதி மூன்றும் தெரிகிற மாதிரி வேண்டும். ஒவ்வொரு தளம் போட்ட அன்றும் பொறியாளர் எங்கே இருந்தார் என்பதற்கு அந்த மாதத்துப் பயணக் குறிப்பேட்டின் நகல் வேண்டும். அடுத்த கான்கிரீட் போடும் நாளில் வேலையைப் பார்வையிட வேண்டும், கலவையிலிருந்தும் கம்பியிலிருந்தும் துறையின் முத்திரையோடு மாதிரி வேண்டும். மனுக் கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல 30 நாள். பயணக் குறிப்பேட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். தளம் போட்ட தேதியையும் மீட்டிங் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

அவர் மனுப் போட்டுவிட்டார். பார்வையிட வரலாம் என்று பதில் வந்திருக்கிறது, மாதிரி பற்றிப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. மேல்முறையீட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.